பதவி உயர்வு: மூப்பா, தகுதியா, ஒதுக்கீடா?

அரசு வேலையில் சேர்வதற்கான போட்டியைப் பற்றிப் பேசும் அளவுக்கு, சேர்ந்த பிறகு தொடங்கும் இன்னொரு போட்டியைப் பற்றி நாம் பேசுவதில்லை. முதல் போட்டி லட்சக்கணக்கானோர் தேர்வுக்கூடங்களில் கூடும் நாளில் செய்தியாகிறது. இரண்டாவது போட்டி கோப்புகளுக்குள் ஓசையின்றி நடக்கிறது. இளநிலை உதவியாளர் உதவியாளர் ஆவதும், துணை வட்டாட்சியர் வட்டாட்சியர் ஆவதும், உதவிப் பொறியாளர் உதவிச் செயற்பொறியாளர் ஆவதும் முதுநிலைப் பட்டியலில் ஒருவருடைய பெயர் எந்த வரிசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. அந்த ஓர் எண்ணுக்காக இருபது ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியவர்கள் உண்டு; தீர்ப்பு வருவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டவர்களும் உண்டு.

அந்த வரிசையை மூன்று அளவுகோல்கள் தீர்மானிக்கின்றன: பணி மூப்பு, தகுதி, இட ஒதுக்கீடு. பொதுவிவாதத்தில் இம்மூன்றும் ஒன்றையொன்று விழுங்க நிற்கும் எதிரிகளாகவே சித்திரிக்கப்படுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 'மேலதிகாரியின் விருப்பு வெறுப்பிலிருந்து ஊழியரைக் காப்பது எப்படி?' என்ற கேள்விக்கு விடை மூப்பு. 'அந்தப் பொறுப்பைச் சுமக்கக்கூடியவர் யார்?' என்பதற்கு விடை தகுதி. 'அரசு அதிகாரத்தில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறது?' என்பதற்கு விடை ஒதுக்கீடு. ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்குப் பொருத்தும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. நமது பதவி உயர்வு வழக்குகளின் வரலாறு பெரும்பாலும் அந்தக் குழப்பத்தின் வரலாறுதான்.

மூப்பின் வலிமையும் வரம்பும்

பணி மூப்பைப் பலர் சோம்பேறிகளின் அளவுகோல் என்று எள்ளுவதுண்டு. ஆனால், அதன் அருமை அது இல்லாத இடத்தில்தான் தெரியும். மூப்பு என்பது நாள்காட்டியை வைத்துச் சரிபார்க்கக்கூடிய உண்மை. அமைச்சரின் பரிந்துரையோ, உயரதிகாரியின் நெருக்கமோ அதை மாற்ற முடியாது. விதிப்படி ஒரு பதவியில் நியமிக்கப்பட்டவரின் மூப்பு அவர் நியமிக்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். பணி உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து அல்ல என்று மகாராஷ்டிரப் பொறியாளர்கள் தொடர்பான வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. பணி உறுதி செய்வதை அரசு தாமதப்படுத்தினால் அதன் சுமை ஊழியர் தலையில் விழக்கூடாது என்பதே இதன் உட்கருத்து.

ஆனால், மூப்பு முற்றிலும் நடுநிலையானது என்றும் சொல்லிவிட முடியாது. குடிமைப் பணித் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 32, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 37. முதல் தலைமுறையாகப் படித்து வருபவர் பல முறை முயன்று தாமதமாகவே வெற்றி பெறுகிறார் என்பதால் தரப்படும் சலுகை இது. ஆனால், ஓய்வு வயது எல்லோருக்கும் 60தான். 24 வயதில் சேர்பவருக்கு 36 ஆண்டுப் பணிக்காலம் இருக்கிறது. 35 வயதில் சேர்பவருக்கு 25 ஆண்டுகளே இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் இத்தனை ஆண்டு என்று ஏறும் ஏணியில், இரண்டாமவர் உச்சிப் படியை எட்டும் முன்பே ஓய்வு நாள் வந்துவிடுகிறது. வாசலில் தரப்பட்ட சலுகை மாடிக்குப் போகும் வழியில் கரைந்துவிடுகிறது. யாரும் பாகுபாடு காட்டாமலேயே இது நடக்கிறது.

தகுதியை அளப்பவர் யார்?

தகுதியே முதன்மையாக இருக்கட்டும் என்பது கேட்பதற்கு நியாயமான வாதம். அந்தத் தகுதியை யார், எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பணி விதிகளில் இரண்டு சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 'தகுதியுடன் கூடிய மூப்பு'. மற்றொன்று, 'மூப்புடன் கூடிய தகுதி'. சொற்கள் இடம் மாறினால் பலருடைய வாழ்க்கையே இடம் மாறும். முதலாவது முறையில், பணிக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அது இருந்தால் மூத்தவருக்கே பதவி. இளையவர் அவரைவிடத் திறமையானவர் என்பது அங்கே பொருட்டல்ல. 1998-இல் சிவய்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. இரண்டாவது முறையில் திறமையே முன்னிலை பெறும். மூப்பு அடுத்த இடத்தில் நின்று துணை செய்யும்.

இந்தக் கோடும் அவ்வளவு நேரானதல்ல என்பதைக் குஜராத் நீதித்துறை வழக்கு காட்டியது. அங்கே மாவட்ட நீதிபதிப் பணியிடங்களில் 65% 'மூப்புடன் கூடிய தகுதி' அடிப்படையில் நிரப்பப்பட வேண்டியவை. தகுதித் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றவர்களை உயர் நீதிமன்றம் மூப்பு வரிசையில் தேர்வு செய்ததால், கூடுதல் மதிப்பெண் பெற்ற இளையவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 மே மாதத்தில் பதவி உயர்வுகளுக்கு இடைக்காலத் தடை விதித்த உச்ச நீதிமன்றம், 2024 மே மாதம் அளித்த இறுதித் தீர்ப்பில் உயர் நீதிமன்றத்தின் நடைமுறை சரியென்றே ஏற்றுக்கொண்டது. பதவி உயர்வு எவருக்கும் உரிமையாகக் கிடைப்பதில்லை. பரிசீலிக்கப்படும் உரிமை மட்டுமே உண்டு என்பதையும், எந்த முறையைப் பின்பற்றுவது என்பது முதன்மையாக அரசின் கொள்கை முடிவு என்பதையும் அத்தீர்ப்பு நினைவூட்டியது. ஒரே சொற்றொடருக்கு நீதிபதிகளே இரு பொருள் கொள்ள முடியும் என்றால், சாதாரண ஊழியரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தகுதியை அளக்கும் கருவியாக நெடுங்காலம் இருந்தது மந்தண அறிக்கை. மேலதிகாரி எழுதுவார், ஊழியருக்குத் தெரியாது. 2008-இல் தீர்ப்பு வந்த தேவ் தத் வழக்கு இதன் அபத்தத்தை வெளிப்படுத்தியது. எல்லைச் சாலை அமைப்பில் பொறியாளரான அவருக்கு ஓர் ஆண்டு 'நன்று' என்ற மதிப்பீடு கிடைத்திருந்தது. பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' தேவை. 'நன்று' என்பது பாதகமான குறிப்பு அல்ல என்பதால் அது அவரிடம் தெரிவிக்கப்படவே இல்லை. பாராட்டுப்போலத் தோன்றிய ஒரு சொல்லே அவருடைய உயர்வைத் தடுத்தது. நல்லதோ கெட்டதோ, எல்லா மதிப்பீடுகளையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பிறகே மத்திய அரசில் ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை வெளிப்படையாக ஊழியரின் பார்வைக்கு வந்தது.

தேர்வு வைத்து அளந்தால் மனிதரின் சாய்வு இருக்காது என்பார்கள். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வு தொடர்பாக 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தமிழ்நாட்டு ஆசிரியர்களை நேரடியாகப் பாதித்தது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமல் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது என்றது தீர்ப்பு. இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவரின் திறனை ஒரு நாள் கேள்வித்தாள் அளந்துவிடுமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். குழந்தைகளுக்குத் தரமான கல்வி பெறும் உரிமை இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்கிறது. இரண்டும் பொய்யல்ல. தகுதி என்பது நாம் நினைப்பதுபோல் ஒற்றைப் பொருள் கொண்ட சொல் அல்ல என்பதையே இது காட்டுகிறது.

ஒதுக்கீடு கடந்து வந்த பாதை

பதவி உயர்வில் இட ஒதுக்கீடு என்பது அண்மைக்கால அரசியல் கண்டுபிடிப்பு என்று பலர் கருதுகிறார்கள். அதன் முதல் பெரிய வழக்கு சென்னையில் பிறந்தது. தெற்கு ரயில்வேயில் பதவி உயர்வால் நிரப்பப்படும் சில பணியிடங்களைப் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கி 1959-இல் ரயில்வே வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. அதை எதிர்த்து ரங்காச்சாரி என்ற ஊழியர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. அரசியல் சாசனத்தின் 16(4) பிரிவு தொடக்க நியமனத்துக்கு மட்டுமல்ல, பதவி உயர்வுக்கும் பொருந்தும் என்றார் நீதிபதி கஜேந்திரகட்கர். கீழ்ப்படியில் மட்டும் இடம் கொடுத்துவிட்டுப் போதிய பிரதிநிதித்துவம் தந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம்.

அடுத்த திருப்பம் கேரளத்திலிருந்து வந்தது. கீழ்நிலை எழுத்தர்கள் மேல்நிலை எழுத்தர்களாக உயரத் துறைத் தேர்வுகளில் வெற்றி பெற வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கு அதில் கால நீட்டிப்பு அளித்தது மாநில அரசு. 1975-இல் என்.எம். தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்றது. ஒதுக்கீடு என்பது சமத்துவத்துக்கு விதிவிலக்கு அன்று. சமத்துவத்தை எட்டுவதற்கான வழிகளில் ஒன்று என்ற சிந்தனை அங்கேதான் வேரூன்றியது.

1992 நவம்பர் 16 அன்று வந்த மண்டல் வழக்குத் தீர்ப்பு, இந்திரா சாஹ்னி வழக்குத் தீர்ப்பு, மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27% ஒதுக்கீட்டை ஏற்றது. அதே தீர்ப்பு, பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்று கூறி ரங்காச்சாரி தீர்ப்பைக் கைவிட்டது. ஐந்து ஆண்டுகள் மட்டும் பழைய நிலை தொடரலாம் என்றது. நாடாளுமன்றம் 1995-இல் 77-ஆவது திருத்தத்தின் மூலம் 16(4ஏ) பிரிவைச் சேர்த்து, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் பதவி உயர்வில் ஒதுக்கீடு வழங்க அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. இங்கே 'மட்டும்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு இந்த வழி திறக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பின்னர் எழுந்த சிக்கலின் வேர் இதில் இருக்கிறது.

பணியிடங்கள் எப்படி எண்ணப்பட வேண்டும் என்பதை 1995-இல் வந்த சபர்வால் தீர்ப்பு வரையறுத்தது. சுழற்சிப் பட்டியல் காலியிடங்களை வைத்து ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கக் கூடாது. மொத்தப் பணியிடங்களை வைத்தே கணக்கிட வேண்டும். நூறு பணியிடங்களில் பதினைந்து பட்டியல் வகுப்பினருக்கு உரியவை என்றால், அந்தப் பதினைந்தும் நிரம்பியதும் சுழற்சி நின்றுவிடும். பிறகு யார் ஓய்வு பெறுகிறாரோ அவருடைய பிரிவைச் சேர்ந்தவரே அந்த இடத்துக்கு வருவார். ஒதுக்கீடு தன் அளவைத் தாண்டுகிறது என்ற புகாருக்கு இதைவிடத் தெளிவான மருந்து இல்லை.

முந்தியவரும் பிந்தியவரும்

பதவி உயர்வுச் சண்டையின் மையம் ஒதுக்கீடு அல்ல. ஒதுக்கீட்டைத் தொடர்ந்து வரும் மூப்புதான். ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம்.

ஓர் அலுவலகத்தில் உதவியாளர்கள் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் பொதுப் பிரிவினர். பத்தாம் இடத்தில் இருப்பவர் பட்டியல் வகுப்பினர். கண்காணிப்பாளர் பதவியில் ஒதுக்கீட்டு இடம் காலியாகிறது. பத்தாமவர் உயர்கிறார். ஓராண்டு கழித்துப் பொது இடம் காலியாகி முதலாமவரும் கண்காணிப்பாளர் ஆகிறார். இப்போது இருவரில் மூத்தவர் யார்? கண்காணிப்பாளர் பதவிக்கு முதலில் வந்தவரா, உதவியாளர் பட்டியலில் முன்னால் இருந்தவரா? அதற்கும் மேலே உள்ள பதவிக்கு அடுத்து யார் போவார் என்பதை இந்த விடைதான் முடிவு செய்யும்.

பின்னால் வந்தாலும் முதலாமவர் தம் பழைய மூப்பை மீட்டுக்கொள்வார் என்று 1995-இல் வீர்பால் சிங் சௌஹான் வழக்கிலும், 1999-இல் இரண்டாவது அஜித் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. இதை எட்டிப்பிடிக்கும் விதி என்று சொல்லலாம். நாடாளுமன்றம் இதை ஏற்கவில்லை. 2001-இல் 85-ஆவது திருத்தத்தின் மூலம், ஒதுக்கீட்டால் முன்னதாக உயர்ந்தவருக்கு அந்தப் பதவியின் மூப்பும் சேரும் என்று 1995 ஜூன் 17 முதல் முன்தேதியிட்டு விதித்தது. பொதுப் பிரிவு ஊழியர்களின் மனக்குறை ஒதுக்கீட்டைவிட இந்த மூப்பின் மீதுதான் அதிகம். ஒரு முறை இடம் தருவதை ஏற்கிறோம். அது எங்களை நிரந்தரமாகப் பின்னால் தள்ளுவது ஏன் என்று அவர்கள் கேட்கிறார்கள். மறுபக்கமோ, பதவியைக் கொடுத்துவிட்டு அதற்கான மூப்பை மறுத்தால் அந்த உயர்வு ஒரு படியோடு நின்றுவிடும் என்கிறது. இரண்டு வாதங்களிலும் வலு இருக்கிறது. இரண்டாவதில் கூடுதல் வலு இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஒரு பதவியில் ஓராண்டு பொறுப்பேற்றுப் பணியாற்றிய அனுபவம் கற்பனை அல்ல. அதை இல்லாததாகக் கருதுவதும் ஒருவகை அநீதிதான்.

தரவு எங்கே?

இந்தத் திருத்தங்களை எதிர்த்த நாகராஜ் வழக்கில், 2006 அக்டோபர் 19 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தங்களை ஏற்றது. ஆனால், கூடவே நிபந்தனைகளையும் விதித்தது. பின்தங்கிய நிலை, போதிய பிரதிநிதித்துவம் இல்லாமை ஆகியவற்றுக்கு அளவிடத்தக்க தரவுகளை அரசு திரட்ட வேண்டும். நிர்வாகத் திறன் கெடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு தொடர்ந்து வந்தவை தோல்விகள். ராஜஸ்தானின் ஆணைகள் 2010-இலும், உத்தரப் பிரதேசத்தின் விதிகள் 2012-இலும், கர்நாடகத்தின் சட்டம் 2017-இலும் தரவு இல்லை என்ற காரணத்துக்காகவே வீழ்ந்தன. இந்தத் தடையை நீக்க முயன்ற 117-ஆவது திருத்த மசோதா 2012 டிசம்பரில் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையில் நிறைவேறாமல் காலாவதியானது.

கர்நாடகம் மட்டும் பாடம் கற்றது. ரத்னபிரபா குழுவை அமைத்துத் தரவு திரட்டி 2018-இல் புதிய சட்டம் இயற்றியது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தகுதி என்பது தேர்வுத் தரவரிசை மட்டும் அன்று. பன்முகச் சமூகத்தை உள்ளடக்கிய நிர்வாகமே திறமையான நிர்வாகம் என்ற கருத்தை நீதிபதி சந்திரசூட் அந்தத் தீர்ப்பில் விரிவாக எழுதினார்.

2018 செப்டம்பரில் ஜர்னைல் சிங் வழக்கில், பட்டியல் வகுப்பினர் பின்தங்கியவர்கள் என்பதற்குத் தனியே தரவு தேவையில்லை என்று அரசியல் சாசன அமர்வு ஒரு நிபந்தனையைத் தளர்த்தியது. ஆனால், அவர்களிலும் வசதி பெற்ற பிரிவினரை விலக்கும் கோட்பாடு பொருந்தும் என்றது. 2020-இல் உத்தராகண்ட் வழக்கில், பதவி உயர்வில் ஒதுக்கீடு தருமாறு அரசை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்று கூறப்பட்டது. 2022 ஜனவரி 28 அன்று ஜர்னைல் சிங் வழக்கின் அடுத்த கட்டத் தீர்ப்பு, தரவை எந்த அலகில் திரட்ட வேண்டும் என்பதைச் சொன்னது: ஒட்டுமொத்தப் பணித் தொகுதியில் அல்ல, பதவி உயர்வு நடக்கும் ஒவ்வொரு பணிநிலையிலும்.

வறட்டு நடைமுறை விதிபோலத் தோன்றும் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு துறை முழுவதையும் சேர்த்து எண்ணினால், துப்புரவுப் பணியிலும் கடைநிலைப் பணியிலும் குவிந்திருக்கும் பட்டியல் வகுப்பினரின் எண்ணிக்கை மேல்மட்டத்தில் உள்ள வெறுமையை மறைத்துவிடும். பணிநிலைவாரியாக எண்ணினால்தான் எந்தப் படியில் ஏணி முறிந்திருக்கிறது என்பது தெரியும். தரவு கேட்பது ஒதுக்கீட்டுக்கு எதிரான சதி என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையில் ஒதுக்கீட்டுக்குத் தரவைப் போன்ற வலுவான சாட்சி வேறில்லை. சம்பளப் பட்டியலைக் கணினியில் வைத்திருக்கும் அரசால் இந்தக் கணக்கை எடுக்க முடியாது என்பதை நம்புவதற்கில்லை. மனமில்லை என்பதே பொருள்.

தமிழ்நாடு சென்ற குறுக்குவழி

சமூகநீதியில் முன்னோடியான தமிழ்நாட்டில் நேரடி நியமனத்தில் 69% ஒதுக்கீடு இருக்கிறது. 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அது ஒன்பதாவது அட்டவணையின் பாதுகாப்பைப் பெற்றது. ஆனால், பதவி உயர்வில் பட்டியல் வகுப்பினருக்கென்று 16(4ஏ) அடிப்படையிலான விரிவான சட்டத்தை மாநிலம் இயற்றவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு வழி நடைமுறையில் இருந்தது. தேர்வாணையத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் எந்த இனச்சுழற்சிப் புள்ளியில் நியமிக்கப்பட்டார்களோ, அந்த வரிசையே அவர்களின் பணி மூப்பாகவும் ஆனது. மதிப்பெண் தரவரிசையில் ஐம்பதாவதாக வந்தவர் சுழற்சிப் புள்ளியால் பத்தாம் இடத்துக்கு வரக்கூடும். அந்த இடம் பணிக்காலம் முழுவதும் அவரைத் தொடரும்.

இதை எதிர்த்த வழக்கில் 2015 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், சுழற்சிப் பட்டியல் எத்தனை இடங்கள் யாருக்கு என்பதை உறுதி செய்வதற்கானது. அது மூப்பைத் தீர்மானிக்காது, தேர்வில் பெற்ற தரவரிசையே மூப்பு என்றது. ஹரியாணா மாநில வழக்கொன்றில் 2003-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடும் அதுவே. 2016 ஜனவரியில் மேல்முறையீடு தள்ளுபடியானது. அதே ஆண்டு மாநில அரசு, அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்தை இயற்றி, அதன் 40-ஆவது பிரிவின் மூலம் பழைய முறையை மீண்டும் கொண்டுவந்தது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவையும் செல்லாது என்றது. ஆணையைச் செயல்படுத்தாததால் தொடரப்பட்ட அவமதிப்பு வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் தலையிட்ட பிறகே பட்டியல்கள் திருத்தப்பட்டன.

இதில் அதிகம் இழந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருபுறம், கூடுதல் மதிப்பெண் பெற்றும் ஆண்டுக்கணக்கில் பின்தங்கி நின்றவர்கள். மறுபுறம், அரசின் விதியை நம்பிப் பதவி உயர்வு பெற்று, பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் அமர்ந்து பணியாற்றிய பின், திருத்தப்பட்ட பட்டியலால் கீழிறக்கப்படும் நிலைக்கு ஆளானவர்கள். இருவரும் தவறு செய்யவில்லை. விதியைப் பிழையாக வகுத்தது அரசு.

அந்த விதி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் விளக்கம் இதுதான். நேரடி நியமனத்துக்கான ஒதுக்கீட்டை அது மூப்பின் வழியாகப் பதவி உயர்வுக்குள் கொண்டுபோனது. மேலும், அது பட்டியல் வகுப்பினருக்கு மட்டுமின்றிப் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் அனைவருக்கும் பொருந்தியது. 16(4ஏ) தரும் பாதுகாப்போ பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் உரியது. எனவே, அரசியல் சாசனத்தில் ஊன்றி நிற்க இடமில்லாத ஒரு முறையைக் காக்கப் போராடி, சாசனம் வெளிப்படையாகத் திறந்து வைத்திருக்கும் வாசலைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம். குறுக்குவழி அடைபட்டபோது, மிகவும் நலிந்தவர்களுக்கான நேர்வழியும் கைவசம் இல்லை என்பதே இதன் துயரம்.

திறமை குறையுமா?

ஒதுக்கீட்டால் நிர்வாகத் திறன் குறையும் என்ற வாதம் ஒவ்வொரு வழக்கிலும் எழுகிறது. இதை உணர்ச்சியால் அல்ல, ஆய்வால் அணுக வேண்டும். பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு, பட்டியல் வகுப்பினர், பழங்குடியினரின் விகிதம் உயர்ந்ததால் உற்பத்தித் திறன் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று கண்டது. உயர்நிலைப் பதவிகளில் அவர்களின் பங்கு சில கணக்கீடுகளில் நற்பயனோடு தொடர்புடையதாகவும் தெரிந்தது. ஒரே ஆய்வை வைத்து எல்லாத் துறைகளுக்கும் தீர்ப்பெழுத முடியாது. ஆயினும், 'திறமை குறையும்' என்று கூறுவோர் அதற்கான சான்றைக் காட்டும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதவி உயர்வு என்றால் சம்பள உயர்வு என்பது பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் ஒரே பதவியில் 10 ஆண்டுகள் முடித்தால் தேர்வுநிலையும், 20 ஆண்டுகள் முடித்தால் சிறப்புநிலையும் உண்டு. மத்திய அரசில் 10, 20, 30 ஆண்டுகளில் ஊதிய உயர்நிலை கிடைக்கிறது. ஆக, உழைப்புக்கான ஊதியப் பலனை மூப்பு ஏற்கெனவே ஓரளவு தந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது அதிகாரம்: கோப்பில் கையெழுத்திடும் அதிகாரம், பிறரின் செயல்திறனை மதிப்பிடும் அதிகாரம், கொள்கையை வகுக்கும் அதிகாரம். அதில் யாருக்குப் பங்கு என்பதே ஒதுக்கீட்டு விவாதத்தின் உயிர்நாடி.

மாற்றுத்திறனாளிகளின் உரிமையும் இதே தர்க்கத்தில்தான் நிலைபெற்றது. மண்டல் தீர்ப்பின் தடை அவர்களுக்குப் பொருந்தாது என்று 2020-இல் சித்தராஜு வழக்கிலும், பதவி உயர்விலும் அவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்று 2021-இல் லீசம்மா ஜோசப் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தமிழ்நாடு அரசு துறைவாரியாக, பணிநிலைவாரியாகப் பிரதிநிதித்துவக் கணக்கை எடுத்து வெளியிட வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 அன்று உள் ஒதுக்கீட்டை ஏற்ற தவிந்தர் சிங் தீர்ப்பின் பின்னணியில், அந்தக் கணக்கில் அருந்ததியர், பழங்குடியினர் ஆகியோரின் நிலை தனியே தெரிய வேண்டும். தமிழ்நாடு 2009-இலேயே அருந்ததியருக்கு 3% உள் ஒதுக்கீடு வழங்கிய மாநிலம்; அதன் பலன் மேல்படிகளை எட்டியதா என்பதை அறியும் கடமை அதற்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் அடிப்படையில் 16(4ஏ) பிரிவின்கீழ் தெளிவான சட்டம் இயற்றப்பட வேண்டும்.

இரண்டாவதாக, முதுநிலைப் பட்டியல்களும் தேர்ந்தோர் பட்டியல்களும் ஆண்டுதோறும் உரிய நாளில், இணையத்தில், காரணங்களுடன் வெளியாக வேண்டும். பட்டியல் தாமதமாவதால் ஓய்வு பெற்றுவிடும் ஊழியருக்குப் பின்னர் கிடைக்கும் நீதி காகிதத்தில் மட்டுமே நிற்கும். சிறு குற்றச்சாட்டுக் குறிப்பாணையை ஆண்டுக்கணக்கில் முடிக்காமல் வைத்துப் பதவி உயர்வைத் தடுக்கும் வழக்கத்துக்கும் காலவரம்பு தேவை.

மூன்றாவதாக, தகுதியை அளக்கும் முறை ஒரே அதிகாரியின் பேனாவில் அடங்கிவிடக் கூடாது. மதிப்பீடு எழுதுபவரும் தம் மதிப்பீட்டுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். உயர்மட்டப் பதவிகளுக்குத் திறமைக்குக் கூடுதல் எடையும், கீழ்மட்டப் பதவிகளுக்கு மூப்புக்குக் கூடுதல் எடையும் தருவதே நடைமுறைக்கு ஒத்தது.

நான்காவதாக, நீதிமன்ற ஆணையால் பட்டியல் திருத்தப்படும்போது, அரசின் விதியை நம்பி உயர்ந்தவர்களைக் கீழிறக்காமல், கூடுதல் பணியிடங்களை உருவாக்கி இரு தரப்பையும் காக்கும் ஏற்பாடு சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். அரசின் பிழைக்கு ஊழியர் விலை கொடுக்கக் கூடாது.

மூப்பு, தகுதி, ஒதுக்கீடு என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விவாதம் ஊழியர்களை ஒருவர்மீது ஒருவரை ஏவிவிடுகிறது. அலுவலகத்தில் அருகருகே அமர்ந்து வேலை செய்பவர்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது சாதியும் அல்ல, மதிப்பெண்ணும் அல்ல. எண்ண மறுத்த, எழுத மறுத்த, உரிய நாளில் பட்டியலிட மறுத்த நிர்வாகமே. அந்தக் கணக்கை எடுக்கப் புதிய அரசியல் சாசனத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.